பதினாறு வயதில் முதுகில் மணல் மூட்டை: சிறப்புப் படைக் கனவோடு ஓடியவர்களின் அனுபவங்கள்

பெங்களூரு அல்சூரிலிருந்து

என் அக்காள் மகனுக்குப் பதினைந்து வயது. தரைப்படையில் பாராசூட்டில் குதித்துப் போரிடும் பாரா சிறப்புப் படையில் சேர வேண்டும் என்ற எண்ணம் அவனைப் பிடித்து ஓராண்டு ஆகிறது. சென்ற மாதம் அவன் என்னிடம் கேட்டது, பதினைந்து கிலோ எடை தாங்கக்கூடிய முதுகுப்பை ஒன்று. படையில் இதை 'பிட்டு' என்பார்கள் என்று எனக்கே பாடம் சொன்னான். வாங்கித் தர மறுத்துவிட்டேன். காரணத்தை அவனிடம் சொல்லிப் பயனில்லாததால் இங்கே எழுதுகிறேன்.

2008 நவம்பரில் எனக்குப் பதினாறு வயது. மும்பை தாஜ் விடுதியில் பயங்கரவாதிகளோடு போரிட்டு உயிர்நீத்த கமாண்டோ மேஜர் சந்தீப் உன்னிகிருஷ்ணனின் உடல் பெங்களூருக்கு வந்த அந்த வாரம், எங்கள் தெருப் பையன்களில் பாதிப் பேர் விடியற்காலையில் எழுந்து ஓடத் தொடங்கினோம். பத்து நாளில் மற்றவர்கள் நின்றுவிட்டார்கள், நான் நிற்கவில்லை. பழைய பள்ளிப் பையில் பன்னிரண்டு கிலோ மணலைக் கட்டிக்கொண்டு, அடிப்பாகம் தேய்ந்த கேன்வாஸ் காலணியோடு, அல்சூர் ஏரிக்கரையின் சிமென்ட் தரையில் வாரத்தில் ஏழு நாளும் ஓடினேன். வலித்தால் தாங்கிக்கொள்வதுதான் பயிற்சி என்று நினைத்தேன்.

ஜனவரி இறுதியில் இடது முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பின் உட்பக்கத்தில் வலி வந்தது. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்றதும், வெறும் தசைவலி என்று எண்ணி மேலும் மூன்று வாரம் ஓடினேன். எலும்பில் விழும் மயிரிழை விரிசல் முதல் சில வாரங்களில் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது என்பதை அதன் பிறகுதான் அறிந்தேன். வலி எலும்பின் நீளவாக்கில் பரவலாக இருந்தால் பெரும்பாலும் தசையும் எலும்புறையும் எரிச்சலுற்றதாக இருக்கலாம். ஒற்றை விரல் வைத்துக் காட்டக்கூடிய ஒரே இடத்தில் சுருக்கென்று வலித்தால், அன்றே ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். எனக்கு இந்த இரண்டாவது வகைதான். அதன் விலையாக மூன்று மாதம் ஓட்டமே இல்லாமல் போயிற்று.

நொண்டி நடந்துகொண்டிருந்த அந்த நாள்களில்தான் ஏரிக்கரையில் அந்தப் பெரியவரைச் சந்தித்தேன். ஏரியை ஒட்டியே தரைப்படையின் பொறியாளர் பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸின் மையம் இருப்பதால், ஓய்வுபெற்ற சாப்பர்கள் பலர் இந்தப் பக்கத்திலேயே வீடு கட்டிக்கொண்டு தங்கிவிட்டவர்கள். அவரும் அப்படி ஒரு ஓய்வுபெற்ற ஹவில்தார். சாப்பர்களைப் படையே 'தம்பி' என்றுதான் அழைக்கும். அவரோ ஊரில் உள்ள எல்லோரையும் அப்படியே அழைத்தார். "தம்பி, பையில என்ன சுமந்த?" என்று கேட்டார். மணல் என்றேன். "சுமக்க வைக்கிறதுக்குத்தான் சர்க்கார் சம்பளம் குடுக்குது. நீ எதுக்கு இப்பவே இனாமா சுமக்கிற?" என்றார்.

அவர் சொன்ன விளக்கம் எளிமையானது, பிறகு மருத்துவரும் அதையே வேறு சொற்களில் சொன்னார். மூச்சும் தசையும் சில வாரங்களில் தேறிவிடும். எலும்பும் தசைநாரும் உறுதிப்பட மாதங்கள் பிடிக்கும். வளரும் வயதில் எலும்பு முனைகளில் உள்ள வளர்ச்சித் தட்டுகள் இன்னும் குருத்தெலும்பாகவே இருப்பதால், தசைநார் வந்து பிடிக்கும் இடங்கள் எளிதில் புண்படும். முழங்கால் சில்லுக்குக் கீழே புடைத்து வலிக்கும் தொல்லை ஓடும் பையன்களுக்கு அடிக்கடி வருவது இதனால்தான். ஆக, நெஞ்சு "ஓடு" என்று சொல்லும் நாளில் கால் அதற்குத் தயாராக இருப்பதில்லை.

கால் தேறிய பின் அவர் என்னை வாரத்தில் நான்கு நாள் மட்டுமே ஓடவிட்டார். மூன்று நாள், பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகத்தில், ஏரிக்கரையின் மண் ஓரமாக. ஒரு நாள் மட்டும் நானூறு மீட்டர் வேக ஓட்டங்கள், நடுவில் நடந்து இளைப்பாறல். பீம், அதாவது கம்பியில் தொங்கி உடலை மேலே இழுப்பது, எனக்கு ஒன்றுகூட வராது. ஸ்டூல்மீது ஏறி மோவாயைக் கம்பிக்கு மேலே கொண்டுவந்து, ஐந்து எண்ணும்வரை மெதுவாக இறங்கச் சொன்னார். இரண்டு மாதத்தில் மூன்று வந்தது, ஆண்டு முடிவில் பன்னிரண்டு. ஒரு நாள் எடுக்கத் தவறினால் மறுநாள் இரட்டிப்பாக எடுக்கும் என் பழக்கத்தை அவர் அறவே ஒழித்தார். இரவு பத்து மணிக்குமேல் விழித்திருந்தது தெரிந்தால் மறுநாள் காலை ஓட்டத்தை ரத்துசெய்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார். பதின்வயதினருக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று இன்று மருத்துவர்கள் சொல்வதை அவர் அனுபவத்தில் அறிந்திருந்தார். உணவு எங்கள் வீட்டில் இருந்ததுதான்: ராகிக் களி, முட்டை, வேர்க்கடலை, கீரை. புரதப் பொடி வாங்க நான் சேர்த்த பணத்தில் நல்ல காலணி வாங்க வைத்தார், அது நான் செய்த மிகச் சிறந்த செலவு.

பின்னர் ஆள்சேர்ப்பு முகாமில் ஓட்டத்திலும் பீமிலும் தேறி எழுத்துத் தேர்வில் கோட்டைவிட்டேன், அது வேறு கதை. இன்றைய அக்னிவீர் பொதுப்பணி உடற்தகுதித் தேர்வில் 1.6 கிலோமீட்டரை 5 நிமிடம் 30 விநாடிக்குள் ஓடினால் 60 மதிப்பெண், 10 பீம் எடுத்தால் 40. இதில் எங்கும் முதுகுச் சுமை கிடையாது. பெருஞ்சுமை வருவது படையில் சேர்ந்து, அடிப்படைப் பயிற்சி முடித்து, தானாக முன்வந்து சிறப்புப் படையின் தகுதிகாண் காலத்துக்குள் போகும்போதுதான். அதற்குள் எலும்பு முதிர்ந்திருக்கும், பார்த்துக்கொள்ளப் படை மருத்துவரும் இருப்பார். பாராசூட் ரெஜிமென்ட்டின் பயிற்சி மையம் நம் ஊரிலேயே இருப்பதால், மரூன் தொப்பி அணிந்தவர்களைப் பேருந்தில் பார்க்கும் பையன்களுக்கு நாளைக்கே அங்கே போய்விட வேண்டும்போல இருக்கிறது. அக்காள் மகன் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. ஆனால் காலையில் ஓட வருகிறான், வெறும் முதுகோடு.

ஆஸ்டின் டவுனிலிருந்து

மேலே எழுதியவர் நிலத்தைப் பற்றிச் சொன்னார், நான் நீரைப் பற்றிச் சொல்கிறேன். கடற்படையின் சிறப்புக் கமாண்டோ படையான மார்கோஸ் எனக்குக் குறியாக இருந்தது. பதினேழு வயதில், நீருக்கடியில் மூச்சடக்கி நீச்சல் குளத்தின் இரண்டு நீளம் நீந்த வேண்டும் என்று நானே ஒரு சோதனை வைத்துக்கொண்டேன். மூழ்குமுன் வேகமாகப் பதினைந்து இருபது முறை மூச்சிழுத்து விட்டால் கூடுதல் நேரம் தாங்கலாம் என்று யாரோ சொன்னதைச் செய்தேன். உண்மையில் அப்படிச் செய்வதால் உடலில் பிராணவாயு கூடுவதில்லை. கரியமில வாயுதான் வெளியேறுகிறது. மூச்சுவிடத் தூண்டுவது அந்த வாயு என்பதால், தவிப்பே தெரியாமல் பிராணவாயு குறைந்து நினைவு தப்பிவிடும். எனக்கு அதுதான் நேர்ந்தது. குளத்தைக் கூட்டிக்கொண்டிருந்த ஊழியர் அடியில் அசையாமல் கிடந்த என்னைக் கண்டு குதித்துத் தூக்கினார். என் அம்மாவுக்கு இன்றுவரை நான் இதைச் சொல்லவில்லை.

அதன் பிறகு எந்த மூச்சடக்கமும் தனியாகச் செய்ததில்லை. பயிற்சியாளரின் கண்முன்னே, உடையோடு நீரில் கால்மிதித்து நிற்பதையும், அவசரமில்லாமல் நெடுந்தூரம் நீந்துவதையும் பழகினேன். பையன்கள் பலர் ஓட்டத்தில் காட்டும் அக்கறையில் கால்பங்கைக்கூட நீச்சலுக்குத் தருவதில்லை என்பது என் மனக்குறை.

ஸ்ரீராமபுரத்திலிருந்து

என் அனுபவம் சிறியது. மூன்று ஆண்டு ஒழுங்காக ஓடினேன், காயமே இல்லை, பீம் பதினான்கு. மருத்துவச் சோதனையில் புள்ளிகளால் ஆன வட்டத்துக்குள் இருக்கும் எண்ணைப் படிக்கச் சொன்னார்கள். எனக்கு அங்கே எண்ணே தெரியவில்லை. நிறப் பார்வைக் குறை பெரும்பாலும் பிறவியிலேயே வருவது, பயிற்சியால் மாறாதது, ஆண்களில் சுமார் பன்னிரண்டு பேரில் ஒருவருக்கு ஏதோ ஒரு அளவில் இருப்பது என்பதையெல்லாம் அன்று மாலைதான் தெரிந்துகொண்டேன். தட்டைப்பாதம், ஒட்டுமுட்டி, காது, பல் ஆகியவற்றையும் பார்க்கிறார்கள். இவற்றை ஒரு மருத்துவரிடம் பதினைந்து வயதிலேயே காட்டியிருந்தால் வீட்டில் முன்கூட்டியே பேசியிருக்கலாம்.

நான் இப்போதும் ஓடுகிறேன். அல்சூர் அண்ணன் சம்மதித்தால், அவருடைய அக்காள் மகனை அடுத்த ஞாயிறு கண் மருத்துவரிடம் நானே அழைத்துப்போகிறேன்.