மெல்லிய கம்பிக்கு மாறியபின் முதல் ஃபிரெட்களில் கரகரப்பு: எங்கிருந்து சரிசெய்வது?

தாழ்சுருதி:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 34 அங்குலக் கம்பி நீளமுள்ள நான்கு கம்பி பேஸ் கிட்டார் ஒன்று இருக்கிறது. ஆறு ஆண்டுகளாக அதில் 45-65-85-105 அளவுள்ள (அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில் தடிமன்) நிக்கல் ரவுண்டுவவுண்டு (உருண்டைக் கம்பி சுற்றிய) கம்பிகளையே மாட்டி வந்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் வாசித்தால் இடது மணிக்கட்டு கடுக்கத் தொடங்கியதால், சென்ற வாரம் 40-60-80-100 தொகுதிக்கு மாறினேன். கைக்கு இதமாகத்தான் இருந்தது. ஆனால் ஈ, ஏ ஆகிய இரு தடித்த கம்பிகளிலும், விரல் வைக்காமல் மீட்டினாலும் சரி, முதல் நான்கு ஃபிரெட்களில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளில்) அழுத்தி மீட்டினாலும் சரி, கம்பி உலோகத்தில் உரசிக் கரகரவென்று இரைகிறது. ஒலிபெருக்கியிலும் அது தெளிவாகக் கேட்கிறது. ஏழாம் ஃபிரெட்டுக்கு மேலே போனால் எந்தக் குறையும் இல்லை.

இரைச்சலைப் போக்க பிரிட்ஜில் (உடல்பக்கம் கம்பிகள் முடியும் இடத்தில்) உள்ள சேடில்களை, அதாவது ஒவ்வொரு கம்பியையும் தாங்கும் சிறு தாங்கிகளை, சிறிது சிறிதாக உயர்த்திக்கொண்டே போனேன். இப்போது 17ஆம் ஃபிரெட்டில் கம்பியின் உயரம் மூன்றரை மில்லிமீட்டர். இரைச்சல் குறைந்திருக்கிறதே தவிர நிற்கவில்லை. மேல் ஃபிரெட்களை அழுத்துவது முன்பைவிடக் கடினமாகிவிட்டது. போதாததற்கு, ஈ கம்பி 12ஆம் ஃபிரெட்டில் பத்து சென்ட் (ஒரு சென்ட் என்பது அரைச் சுரத்தின் நூறில் ஒரு பங்கு) ஏறி ஒலிக்கிறது. நெக்கின் (கழுத்தின்) உள்ளே இருந்து அதன் வளைவைக் கட்டுப்படுத்தும் தண்டான ட்ரஸ் ராடைத் தொட எனக்கு அச்சமாக இருக்கிறது. அதைத் திருகத்தான் வேண்டுமா, திருகினால் எந்தப் பக்கம் திருக வேண்டும்? தடித்த கம்பிக்காக வெட்டப்பட்ட நட்டின் (நெக்கின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் துண்டின்) பள்ளங்கள் இப்போது பெரிதாகிவிட்டதுதான் காரணமா? அல்லது பழைய கம்பிகளுக்கே திரும்பிவிடலாமா?

ஏழாம் ஃபிரெட்:

திரும்ப வேண்டாம். நீங்கள் விவரித்திருக்கும் அடையாளங்கள் எல்லாம் ஒரே இடத்தைத்தான் காட்டுகின்றன. அந்த இடம் பிரிட்ஜ் அல்ல, நெக்.

கம்பிகள் நெக்கை முன்பக்கமாக வளைக்கப் பார்க்கின்றன. ட்ரஸ் ராடு அதை எதிர்த்து நேராக்கப் பார்க்கிறது. உங்கள் ராடு ஆறு ஆண்டுகளாக 105 தொகுதியின் இழுப்புக்கு ஈடுகொடுக்கும்படி முறுக்கப்பட்டிருந்தது. நான்கு கம்பிகளும் சேர்ந்து ஏறத்தாழ 80 கிலோ விசையுடன் இழுத்துக்கொண்டிருந்தன என்று வைத்துக்கொண்டால், புதிய தொகுதியில் அதில் பத்து கிலோவுக்கு மேல் குறைந்துவிட்டது. ராடின் பிடி மட்டும் அப்படியே இருக்கிறது. ஆகவே நெக் நிமிர்ந்துவிட்டது. சற்றே பின்னோக்கியும் வளைந்திருக்கலாம். நெக் இப்படி நிமிர்ந்தால் முதலில் பாதிக்கப்படுவது கீழ் ஃபிரெட்கள்தான். மேலே ஒலி சுத்தமாகவும் கீழே கரகரப்பாகவும் இருப்பதன் பொருள் இதுவே. சேடிலை உயர்த்தினால் பிரிட்ஜ் பக்கத்தில் கம்பி எவ்வளவோ உயரும், நட்டுக்கு அருகில் அணுவளவுதான் உயரும். அதனால்தான் அவ்வளவு உயர்த்தியும் உங்களுக்குப் பலன் கிடைக்கவில்லை.

எதையும் திருகுவதற்கு முன் அளந்துவிடுங்கள். கம்பிகளைச் சரியான சுருதியில் வைத்து, கிட்டாரை வாசிக்கும் நிலையிலேயே மடியில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஃபிரெட்டில் கேப்போவை (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வியை) மாட்டி, ஈ கம்பியைக் கடைசி ஃபிரெட்டில் ஒரு விரலால் அழுத்திக்கொண்டு, இன்னொரு கை விரலால் ஏழாம் எட்டாம் ஃபிரெட்களுக்கு மேலே கம்பியை மெல்லத் தட்டிப் பாருங்கள். இடைவெளி இருந்தால் கம்பி இறங்கி ஃபிரெட்டைத் தொடும்போது ‘டிக்’ என்று ஒரு சிறு ஒலி கேட்கும். கம்பி ஏற்கெனவே ஃபிரெட்டின் மேல் படுத்துக் கிடந்தால் எந்த ஒலியும் வராது. இந்த இடைவெளியைத்தான் ரிலீஃப் என்கிறோம். இரு முனைகளும் ஃபிரெட்டில் அழுந்தியிருப்பதால் சேடிலின் உயரம் இந்த அளவைக் கெடுக்காது. ஃபெண்டர் நிறுவனம் தன் பேஸ் கிட்டார்களுக்கு, ஃபிங்கர்போர்டின் (விரல் அழுத்தும் பலகையின்) வளைவைப் பொறுத்து, 0.25 முதல் 0.35 மில்லிமீட்டர் வரை பரிந்துரைக்கிறது. ஃபீலர் கேஜ் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்) கையில் இல்லையென்றால், சாதாரண கிட்டாரின் 10 அல்லது 12 அளவுள்ள சுற்றில்லாத கம்பித் துண்டு ஒன்றை இடைவெளியில் நுழைத்துப் பார்க்கலாம். கம்பிக் கணக்கு அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பதால், 10 என்றால் 0.25 மில்லிமீட்டர், 12 என்றால் 0.3 மில்லிமீட்டர்.

நீங்கள் செய்ய வேண்டியது ராடைத் தளர்த்துவது, அதாவது திருகின் முனையை நேராகப் பார்த்தபடி இடஞ்சுழியாகத் திருகுவது. கால் சுற்றுக்கு மேல் ஒரே மூச்சில் போகாதீர்கள். தளர்த்தியதும் சுருதி சற்று இறங்கும். மீண்டும் சுருதி சேர்த்த பிறகே அளக்க வேண்டும். மரம் உடனே முழுவதும் அசைந்துவிடாது என்பதால் மறுநாளும் ஒருமுறை பாருங்கள். அஞ்ச வேண்டியது இறுக்கும் திசைக்குத்தான். தளர்த்துவதில் ராடு முறியும் ஆபத்து மிகக் குறைவு. அப்படியிருந்தும் திருகு அசைய மறுத்தால் பலத்தைக் காட்டாமல், பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.

ரிலீஃப் சரியான பிறகே சேடில்களை இறக்க வேண்டும். 17ஆம் ஃபிரெட்டில் ஈ கம்பிக்கு 2.4, ஜி கம்பிக்கு 2 மில்லிமீட்டர் என்பது தொடங்குவதற்கு நல்ல அளவு. இன்டொனேஷனை (ஃபிரெட்களில் சுருதி சரியாக ஒலிக்கிறதா என்பதை) அதற்கும் பிறகு பாருங்கள். உயரமாக நிற்கும் கம்பியை ஃபிரெட் வரை அழுத்தும்போது அது நீண்டு சுருதி ஏறுகிறது. ஆக்‌ஷனை (கம்பியின் உயரத்தை) இறக்கியதுமே உங்களுடைய பத்து சென்ட்டில் பெரும்பகுதி தானாகவே மறையும். மிஞ்சியதைச் சேடிலை நகர்த்திச் சரிசெய்யுங்கள். 12ஆம் ஃபிரெட்டில் சுருதி ஏறியிருந்தால் சேடில் பின்னுக்கு, இறங்கியிருந்தால் முன்னுக்கு. 34 அங்குலக் கம்பியில் ஒரு மில்லிமீட்டர் நகர்வுக்கு ஏறத்தாழ இரண்டு சென்ட் மாறும்.

பழையமரம்:

மேலே சொன்னவை அனைத்தும் சரி. நட்டைப் பற்றிய கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன், ஏனெனில் பலர் இந்த அச்சத்தில் நல்ல நட்டை மாற்றிவிடுகிறார்கள்.

105 கம்பிக்கு வெட்டிய பள்ளத்தில் 100 கம்பி உட்கார்ந்தால் மீதமிருக்கும் இடம் 0.13 மில்லிமீட்டர்கூட இல்லை. கம்பியின் அடிப்பாகம் பள்ளத்தின் தரையில்தான் அமர்கிறது, அதனால் ஃபிரெட்டிலிருந்து அதன் உயரமும் மாறுவதில்லை. நட்டுதான் குற்றவாளி என்றால், விரல் வைக்காமல் மீட்டும்போது மட்டுமே இரைச்சல் வரும்; முதல் ஃபிரெட்டை அழுத்தியவுடன் நட்டு கணக்கிலிருந்து விலகிவிடுவதால் இரைச்சலும் நின்றுவிடும். உங்களுக்கு நான்காம் ஃபிரெட் வரை தொடர்கிறது, ஆகவே நட்டைத் தொடாதீர்கள். தடித்த கம்பிக்கு மாறுவோருக்குத்தான் நட்டுத் தொல்லை உண்மையானது. அங்கே கம்பி பள்ளத்துக்குள் இறங்காமல் விளிம்பில் தொற்றிக்கொண்டு நிற்கும், சுருதி சேர்க்கும்போது ‘டிங்’ என்று திடீரெனத் தாவும். அளவான அரத்தால் பள்ளத்தை அகலப்படுத்தியே ஆக வேண்டும்.

இரண்டு சிறிய காரியங்களைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். புதிய பேஸ் கம்பி விறைப்பானது. சேடிலைத் தாண்டியதும் நேராக இறங்காமல் ஒரு மெல்லிய வில்லாக வளைந்து நிற்கும். சேடிலுக்கு ஒரு விரற்கடை முன்னால் கட்டைவிரலால் கம்பியைக் கீழ்நோக்கி அழுத்திப் படியவையுங்கள். நட்டுக்கு முன்னாலும் அதேபோல் செய்யுங்கள். அழுத்தியவுடன் சுருதி சற்று இறங்குவதை டியூனரில் காணலாம். இதைச் செய்யாமல் இன்டொனேஷனைச் சரிபார்ப்பது வீண் உழைப்பு.

மற்றொன்று, கம்பியை வெட்டும் முறை. என் முதல் பேஸ் கிட்டாரில் ஈ கம்பியின் மிகுதியை மடக்காமல் அப்படியே வெட்டிவிட்டேன். உள்ளே இருக்கும் மையக் கம்பியின் மேல் சுற்றியிருந்த வெளிச்சுற்று வெட்டிய முனையிலிருந்து நெகிழ்ந்து, புதிய கம்பி ஒரே நாளில் ஒரு மாதம் பழகிய கம்பிபோல் மந்தமாகிவிட்டது. எதனால் என்று அறியாமல் ஒலிபெருக்கி, ஒயர் என்று எதையெதையோ ஒரு வாரம் மாற்றிப் பார்த்தேன். பெக்கிலிருந்து (கம்பியைச் சுற்றும் முளையிலிருந்து) பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் மிகுதி விட்டு, வெட்டும் இடத்துக்கு முன்பே கம்பியைச் செங்கோணமாக மடக்கிவிட்டு, அந்த மடிப்புக்கு வெளியே வெட்டினால் இந்த வம்பு இல்லை. மடித்த முனையைப் பெக்கின் நடுத்துளையில் இறக்கி, சுற்றுகள் மேலிருந்து கீழாக அடுக்கப்படும்படி முறுக்குங்கள்.

ஆலன் கீயை (அறுகோணத் திருகுச் சாவியை) பற்றியும் ஒரு சொல். அங்குல அளவும் மில்லிமீட்டர் அளவும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். சற்றே ஆடுகிற கீயைக் கொண்டு ட்ரஸ் ராடைத் திருகினால் அறுகோணப் பள்ளம் மழுங்கிவிடும். சேடில் திருகு மழுங்கினால் வேறு வாங்கிக்கொள்ளலாம், ராடு அப்படியல்ல.

நான்குகம்பி:

நான் சற்று மாறுபடுகிறேன். மணிக்கட்டு வலிக்குக் கம்பியின் தடிமன்தான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. பழைய தொகுதியோடு ஆக்‌ஷன் எவ்வளவு இருந்தது என்று நீங்கள் குறிப்பிடவில்லை. ஆறு ஆண்டுகள் ஒருமுறைகூட ராடைத் தொடாத நெக் என்றால், அது அப்போது அளவுக்கு மேல் முன்வளைந்து, கம்பிகள் நடு ஃபிரெட்களில் உயரமாக நின்றிருக்கலாம். அழுத்த வேண்டிய தூரம் கூடினாலும் கை களைக்கும். ஃபிரெட்டை ஒட்டி அழுத்தாமல் இரு ஃபிரெட்களுக்கு நடுவே அழுத்துவதும், தோள்வாரை நீளமாக்கிக் கிட்டாரை மிகத் தாழ்வாகத் தொங்கவிட்டு மணிக்கட்டை ஒடித்துப் பிடிப்பதும் வலியைக் கூட்டும். வலி தொடர்ந்தால் கிட்டாரை விட்டுவிட்டு முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

இன்னொன்று: மெல்லிய கம்பி, அதே பலத்தோடு மீட்டினால் தடித்த கம்பியைவிட அகலமாக அதிரும். வலது கை பழைய பழக்கத்திலேயே ஓங்கி மீட்டினால் எவ்வளவு சரியான செட்டப்பிலும் (கிட்டாரின் சீரமைப்பிலும்) கொஞ்சம் இரைச்சல் மிஞ்சும். ஒலிபெருக்கியின் ஒலியைச் சற்றுக் கூட்டிவிட்டு விரலைத் தளர்த்துவது நல்ல பழக்கம்.

தாழ்சுருதி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. முடிவைச் சொல்லத் தாமதமானதற்குக் காரணம், மறுநாளும் அளந்து பார்க்கச் சொன்னதுதான்.

தட்டிப் பார்த்தபோது ‘டிக்’ ஒலி வரவே இல்லை. ஈ கம்பி ஆறாம் ஃபிரெட்டிலிருந்து ஒன்பதாம் ஃபிரெட் வரை ஒட்டிப் படுத்திருந்தது. கால் சுற்றுத் தளர்த்தியதும் மயிரிழை அளவு வெளிச்சம் தெரிந்தது. இன்னொரு கால் சுற்றுக்குப் பின் 10 அளவுக் கம்பித் துண்டு லேசாக உரசியபடி நுழைந்தது. மறுநாள் காலையில் 12 அளவுத் துண்டே நுழைந்தது. கீழ் ஃபிரெட்களில் கரகரப்பு முற்றிலும் நின்றுவிட்டது. பிறகு ஈ கம்பியை 2.4 மில்லிமீட்டருக்கு இறக்கினேன். 12ஆம் ஃபிரெட்டில் பத்து சென்ட்டாக இருந்த ஏற்றம் அப்போதே மூன்றாகக் குறைந்தது. கம்பியைத் தளர்த்திவிட்டுச் சேடிலை ஒன்றரை மில்லிமீட்டர் பின்னுக்கு நகர்த்தியதும் முள் நடுவில் நின்றது. பழைய ஆக்‌ஷனை நான் அளந்ததே இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஒரு குறை மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஜி கம்பி மற்ற மூன்றோடு சேராமல் தொளதொளவென்று இருக்கிறது. இதுவும் செட்டப்பில் தீருமா?

ஏழாம் ஃபிரெட்:

தீராது, ஏனெனில் அது கணக்கிலேயே இருக்கிறது. எல்லாக் கம்பிகளிலும் ஐந்து ஐந்தாகக் குறைத்திருப்பதால் ஒரே அளவு தளர்ந்ததுபோல் தோன்றும். ஆனால், ஒரே வகைக் கட்டுமானமுள்ள கம்பிகளில் இழுவிசை தடிமனின் வர்க்கத்தை ஒட்டியே மாறும். 105 கம்பி 100 ஆனால் இழுவிசை ஒன்பது விழுக்காடு குறைகிறது. 45 கம்பி 40 ஆனால் இருபத்தொரு விழுக்காடு. ஜி கம்பியை ஒரு முழுச் சுரம் இறக்கிக் கட்டினால் எவ்வளவு தளருமோ ஏறத்தாழ அவ்வளவு தளர்ந்திருக்கிறது.

கம்பிகளை ஒப்பிட எளிய வழி ஒன்று உண்டு. தடிமனை அந்தக் கம்பியின் அதிர்வெண்ணால் பெருக்குங்கள். விடைகள் நெருங்கியிருந்தால் இழுப்பும் நெருங்கியிருக்கும். உங்கள் ஈ கம்பி 100-ஐ 41.2 ஆல் பெருக்கினால் 4120. ஏ கம்பி 80-ஐ 55 ஆல் பெருக்க 4400. டி கம்பி 60-ஐ 73.4 ஆல் பெருக்க 4404. ஜி கம்பி 40-ஐ 98 ஆல் பெருக்க 3920 மட்டுமே. அதுவே 45 ஆக இருந்தால் 4410. சுற்றுகளின் கட்டுமானம் வேறுபடுவதால் இது துல்லியக் கணக்கு அல்ல, ஆனால் விரல் உணர்வதை அப்படியே சொல்கிறது. அதே வகையில் 45 அளவுள்ள தனிக் கம்பி ஒன்றை வாங்கி ஜி இடத்தில் மாட்டுங்கள். நட்டின் பள்ளம் ஏற்கெனவே 45-க்கு வெட்டியதுதான் என்பதால் அங்கே வேலை இல்லை. இழுப்பு சற்றுக் கூடுவதால் ரிலீஃப் சிறிது பெருகலாம். ஒருநாள் விட்டு அளந்து பாருங்கள், 0.35-க்கு மேல் போனால் மட்டும் எட்டில் ஒரு சுற்று வலஞ்சுழியாகத் திருகினால் போதும்.