தோட்டத்து வீட்டுத் துப்பாக்கி: மறைத்து எடுத்துச் செல்ல அனுமதி உண்டா?

கேள்வி: காங்கேயத்தான்

அனைவருக்கும் வணக்கம். காங்கேயத்திலிருந்து சென்னிமலை செல்லும் வழியில் எங்கள் தோட்டத்து வீடு இருக்கிறது. கூப்பிட்டால் குரல் எட்டும் தொலைவில் வேறு வீடு கிடையாது. அப்பாவின் பெயரில் தற்காப்புக்காக உரிமம் பெற்ற 12 போர் (குழல் அளவு) இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று நெடுங்காலமாக எங்களிடம் உள்ளது. அப்பாவுக்கு எழுபது வயது கடந்துவிட்டது, கண்பார்வையும் மங்கிவிட்டது. 2024 நவம்பரில் பல்லடம் அருகே சேமலைக்கவுண்டம்பாளையத்தில் மூவரும், அடுத்த ஆண்டு சிவகிரி அருகே விளக்கேத்தியில் முதிய தம்பதியும் தோட்டத்து வீடுகளில் கொல்லப்பட்ட பிறகு, இரவில் நாய் குரைத்தாலே எங்கள் வீட்டில் எல்லோரும் எழுந்து உட்கார்ந்துவிடுகிறோம். தோட்டாவைப் போட்டுக் கதவோரமாகவே வைத்துவிடு என்கிறார் அம்மா.

துப்பாக்கியை என் பெயருக்கு மாற்றிக்கொள்ள முடியுமா? தேங்காய்ப் பருப்பு விற்ற பணத்தோடு இரவில் தனியே வண்டியில் திரும்ப வேண்டியிருப்பதால், ஒரு ரிவால்வருக்கும் விண்ணப்பிக்கலாம் என்று நினைக்கிறேன். அதைச் சட்டைக்குள் மறைத்து எடுத்துச் செல்லத் தனி அனுமதி தேவையா? டெக்சாஸில் இருக்கும் என் மச்சான், அங்கே 2021 செப்டம்பர் முதல் உரிமமே இல்லாமல் கைத்துப்பாக்கியை இடுப்பில் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்கிறார்.

பதில்: ஈரோட்டு வழக்கறிஞர்

உங்கள் மச்சான் சொல்வது டெக்சாஸுக்குச் சரி. அதுவும் 21 வயது நிறைந்து, சட்டத் தடை எதுவும் இல்லாதவர்களுக்கு மட்டும். அமெரிக்காவில் ஆயுதம் வைத்திருப்பது அரசமைப்பு தந்த உரிமை. இங்கே அது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி அரசு தரும் அனுமதி. காரணம் காட்டித் தராமலும் இருக்கலாம், தந்ததைத் திரும்பப் பெறவும் செய்யலாம்.

மறைத்து எடுத்துச் செல்லத் தனி அனுமதி என்று நம் சட்டத்தில் எதுவும் இல்லை. மறைத்துத்தான் எடுத்துச் செல்ல வேண்டும் என்பதே இங்குள்ள விதி. 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, பொது இடத்தில் கைத்துப்பாக்கியை அதற்கென்று செய்யப்பட்ட உறையில் போட்டு உடலோடு மாட்டியிருக்க வேண்டும், அல்லது பைக்குள் வைத்திருக்க வேண்டும்; எப்படியானாலும் அது முழுவதும் மூடப்பட்டு, எடுத்துச் செல்பவரின் முழுக் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். காரின் டேஷ்போர்டுக்குள் போட்டுவிட்டு டீக்கடையில் இறங்குபவரும், கல்யாண மண்டபத்தில் நாலு பேர் பார்க்கட்டும் என்று வேட்டிக்கு மேலே செருகிக்கொள்பவரும் விதியை மீறுகிறவர்களே. கொண்டாட்டத்துக்காக வானத்தை நோக்கிச் சுட்டால், 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி இரண்டாண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். உங்கள் உரிமம் எந்த எல்லைக்குள் செல்லும் என்பது உரிமப் புத்தகத்திலேயே குறிக்கப்பட்டிருக்கும். அதைத் தாண்டிப் போகும்போது உறையும் பையும் உங்களைக் காப்பாற்றா.

உரிமதாரர் எழுபது வயதை அடைந்தாலோ, 25 ஆண்டுகள் அந்தத் துப்பாக்கியை வைத்திருந்தாலோ, வாரிசு தன் பெயரில் உரிமம் கேட்டு விண்ணப்பிக்க விதி இடம் தருகிறது. பாதுகாப்புப் பயிற்சி பெற்ற சான்றும், துப்பாக்கியைப் பத்திரமாக வைக்க வசதி இருக்கிறது என்பதற்கான சான்றும் உங்களிடம் கேட்பார்கள். ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது என்பதால், ரிவால்வரும் கிடைத்தால் உங்கள் வரம்பு அத்தோடு நிறைந்துவிடும்.

உரிமம் உங்கள் பெயருக்கு வரும்வரை அது உங்கள் துப்பாக்கி ஆகாது என்பதை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். உரிமத்தைப் புதுப்பிக்கவோ துப்பாக்கியைப் பழுது பார்க்கவோ அப்பாவின் எழுத்துப்பூர்வ அனுமதியுடன் நீங்கள் எடுத்துச் செல்லலாம். அவரில்லாத நேரத்தில் தோளில் மாட்டிக்கொண்டு தோப்பைச் சுற்றி வந்தால், உரிமமின்றி ஆயுதம் வைத்திருந்த குற்றமாகிவிடும். அதற்கு இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரை சிறை.

பதில்: பர்கூர் அடிவாரம்

தம்பி, வழக்கறிஞர் சட்டத்தைச் சொல்லிவிட்டார். நான் அந்தியூர்ப் பக்கம் உரிமத் துப்பாக்கியோடு பல காலம் குடும்பம் நடத்தியவன் என்பதால் வீட்டுக்குள் நடப்பதைச் சொல்கிறேன்.

கதவோரம் துப்பாக்கி வைக்கும் பேச்சை முதலில் விடுங்கள். விடுமுறைக்கு வரும் பேரன் பேத்திகள், கிடாவெட்டுக்கு வரும் பங்காளிகள், தேங்காய் போட வரும் ஆட்கள் என்று தோட்டத்து வீட்டில் ஆள் நடமாட்டம் ஓயாது. சுவரோடு பிணைத்த இரும்பு அலமாரியில் துப்பாக்கியும், வேறொரு பூட்டுக்குள் தோட்டாக்களும் இருக்க வேண்டும். இரண்டு சாவியும் உரிமதாரரிடம் மட்டுமே இருக்க வேண்டும். அலமாரியிலிருந்து எடுத்ததும் குழலை மடித்து, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து, இரண்டு குழலுக்குள்ளும் பகல் தெரிகிறதா என்று பார்ப்பேன். நேற்று வைத்தவன் நானே என்றாலும் பார்ப்பேன். ஐப்பசி மழைக்குப் பிறகு தோட்டாக்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். பித்தளை விளிம்பில் பச்சை பூத்திருக்கும், காகித ஓடு ஈரத்தில் ஊதியிருக்கும். அப்படிப்பட்டது குழலுக்குள் பாதியில் நின்றுகொண்டு உள்ளேயும் போகாது, வெளியேயும் வராது. அவற்றை உரிமம் பெற்ற கடைக்காரரிடம் ஒப்படைத்துக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். கிணற்றில் எறிந்துவிட்டு வராதீர்கள்.

குடித்துவிட்டுத் துப்பாக்கியைத் தொடுபவனை நான் என் வாசலில் ஏற்றியதில்லை, சொந்தக்காரனாக இருந்தாலும் சரி. இதற்கு விதி பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

காட்டுப்பன்றிக்காக எவரும் இதை எடுத்துவிடாதீர்கள். வனவிலங்குச் சட்டத்தில், தன் உயிரையோ பிறர் உயிரையோ காக்க நல்லெண்ணத்தோடு விலங்கைக் கொன்றால்தான் விலக்கு உண்டு. மரவள்ளியைத் தோண்டியது என்பதற்காகச் சுட்டால் விலக்கு இல்லை. 2025-இல் தமிழக அரசு வகுத்த முறையிலும், காப்புக்காட்டு எல்லைக்கு 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளைச் சுடும் பொறுப்பு வனத்துறைக்குத்தான் தரப்பட்டிருக்கிறது. சரணாலயத்தைச் சுற்றிப் பத்துக் கிலோமீட்டருக்குள் புதிய உரிமம் வேண்டுமென்றால் தலைமை வன உயிரினக் காப்பாளரின் இசைவும் தேவை. சத்தியமங்கலம், அந்தியூர் பக்கத்து நண்பர்கள் இதைக் கவனிக்கவும். அவுட்டுக்காய் (விலங்கு கடித்தால் வெடிக்கும் நாட்டுவெடி) வைப்பவர்களைப் பற்றி இங்கே பேசவே வேண்டாம். அது யானையின் வாயைக் கிழிக்கும் கொடுமை.

பதில்: பல்லடத்து மருமகள்

அண்ணா, எனக்கு இதில் முற்றிலும் உடன்பாடு இல்லை. தனி வீட்டுக்குக் கொள்ளையடிக்க வருபவர்கள் வீட்டார் அயர்ந்து தூங்கும் நேரத்தை நோட்டம் பார்த்து வருகிறார்கள். எழுபது வயதுப் பெரியவர் அந்த நேரத்தில் எழுந்து, இரண்டு பூட்டைத் திறந்து, தோட்டாவைப் போட்டு நிமிர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். பூட்டாமல் வைத்தால் வந்தவன் கையில் முதலில் சிக்குவது அந்தத் துப்பாக்கிதான். எங்கள் தோட்டத்தில் நாங்கள் வாசலுக்கு இரும்புக் கிரில், நாலு பக்கமும் விளக்கு, கேமரா, இரண்டு நாய் என்று வைத்திருக்கிறோம். பக்கத்துத் தோட்டத்தாரோடு இரவு ஒன்பது மணிக்கு ஒரு போன் பேச்சும் உண்டு.

இன்னொன்றும் கேட்க வேண்டியிருக்கிறது. பருப்பு வாங்கும் வியாபாரி ஏன் பணத்தைக் கையில் தருகிறார்? வங்கிக் கணக்கில் போடச் சொன்னால் ரிவால்வர் வாங்கும் காரணமே போய்விடுகிறதே.

பதில்: பர்கூர் அடிவாரம்

அம்மணி சொல்வதில் பாதியை ஏற்கிறேன். கிரில்லும் நாயும் முதல் வேலி, துப்பாக்கி கடைசி. ஆனால் கடைசி ஒன்று வேண்டாம் என்று, மலையோரத்தில் தனியாக இருப்பவனிடம் என்னால் சொல்ல முடியாது. ரிவால்வர் விஷயத்தில் உங்கள் கேள்விதான் சரி.

பதில்: ஈரோட்டு வழக்கறிஞர்

சுடும் உரிமையைப் பற்றி இன்னும் யாரும் கேட்கவில்லை. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் தற்காப்பு உரிமை முன்பு போலவே தொடர்கிறது. கொள்ளை, இரவில் வீட்டை உடைத்து நுழைதல் போன்றவற்றில் அந்த உரிமை எதிரியின் உயிர் போகும் அளவுக்கும் நீளும். ஆனால் தேவைக்கு மேல் தீங்கு செய்யக்கூடாது என்ற வரம்பு அங்கேயும் உண்டு. தோப்பில் இளநீர் திருடிக்கொண்டு ஓடுபவன் முதுகில் சுடுபவருக்கு அந்தப் பாதுகாப்பு கிடைக்காது. தேவைக்கு மேல் போகவில்லை என்பதற்கான சூழ்நிலையை நீதிமன்றத்தில் விளக்க வேண்டியவரும் அவரே.

காங்கேயத்தான்

வியாபாரியிடம் பேசிவிட்டேன், அடுத்த லோடிலிருந்து கணக்கில் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். ரிவால்வர் யோசனையை விட்டுவிட்டு, இரட்டைக்குழலை மாற்ற மட்டும் விண்ணப்பிக்கிறேன். கிரில்லுக்கு ஆசாரி நாளை அளவெடுக்க வருகிறார். தேர்தல் வந்தால் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்களே, விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போதும் அப்படித்தானா?

பதில்: ஈரோட்டு வழக்கறிஞர்

ஆம். ஒப்படைக்க உத்தரவு வந்தால், இன்றைய உரிமதாரரான அப்பாவின் பெயரில்தான் ஒப்படைக்க வேண்டும். ரசீதில் துப்பாக்கியின் எண் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள். தேர்தல் முடிவு வந்த பிறகு திரும்பப் பெற அந்த ரசீதைத்தான் கேட்பார்கள்.