சிலம்பத்தை விடவும் மாட்டேன் என்கிறாள், சந்தோஷமும் இல்லை

தக்கலை பக்கம் இருக்கிறோம். மகளுக்கு 12 வயது, ஏழாம் வகுப்பு. நாலாம் வகுப்பிலிருந்து சிலம்பம் படிக்கிறாள், ஆடிச் சாரலில்கூட வகுப்பைத் தவறவிட்டதில்லை. போன தை மாதம் மாவட்டப் போட்டிக்குத் தேர்வானாள், அதிலிருந்துதான் பிரச்சனை.

முன்பெல்லாம் வகுப்பு முடிந்து வந்த பிறகும் முற்றத்தில் கம்பு சுற்றுவாள், செம்பருத்திக் கொப்பு எத்தனையோ ஒடிந்திருக்கிறது. இப்போது கம்பைக் கதவுக்குப் பின்னால் சாய்த்துவிட்டு, உள்ளங்கைக் கொப்புளத்தில் எண்ணெய் தடவிக்கொண்டு பேசாமல் உட்கார்ந்துவிடுகிறாள். போட்டிக்கு முந்தின ராத்திரி கட்டாயம் வயிற்றுவலி. தூக்கம், சாப்பாடு, மார்க் எல்லாம் சரியாகவே இருக்கிறது.

டாக்டரிடம் காட்டியாச்சு, உடம்புக்கு ஒன்றுமில்லை. "வேண்டாம்னா விட்டுரு மக்களே" என்று சொன்னால் அழுகிறாள். ஆசானிடம் பேசினோம், அடுத்த பரிசு வாங்கினால் சரியாகிவிடும் என்கிறார், எனக்கு அதில் உடன்பாடில்லை. கோடை விடுமுறையில் வகுப்பை நிறுத்திப் பார்த்தோம், முட்டம் கடற்கரையில் பழையபடி குதித்தாள், அப்புறம் வகுப்பு தொடங்கியதும் அதே முகம். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் தமிழிலேயே பேசலாம் என்பதால் அதற்கும் கூப்பிடப் போகிறோம்.

உளவியலாளர் ஏஞ்சலா டக்வொர்த் குழுவினரின் 2007 ஆய்வுக் கட்டுரை விடாமுயற்சியையும் ஆர்வத்தையும் சேர்த்தேதான் பேசுகிறது. இவளிடம் முயற்சி அப்படியே இருக்கிறது, ஆர்வம்தான் எங்கே போனதென்று தெரியவில்லை.

போட்டியை மட்டும் நிறுத்திவிட்டு வகுப்பைத் தொடரவிட்ட பெற்றோர் இங்கே இருந்தால் சொல்லுங்கள், இந்த வயதுப் பிள்ளைக்கு அதனால் சந்தோஷம் திரும்பியதா?