ஃபிளாரன்ஸ் பழைய நகரில் நடுத்தர விலைச் சாப்பாடு: உங்கள் அனுபவம் என்ன?

நடைவண்டி:

துவோமோ என்ற பெரிய தேவாலயத்தின் குவிமாடத்துக்கு 463 படி ஏறி இறங்கிய பசி. அன்றைய சாப்பாடு தன் செலவு என்று தம்பி முன்பே சொல்லியிருந்தான். பீசாவில் படித்துக்கொண்டிருந்தவன், பகுதிநேர வேலையில் அப்போதுதான் முதல் சம்பளம் வாங்கியிருந்தான். பக்கத்துச் சந்தில் ஒரு கடை. மெனுவில் எல்லாமே பன்னிரண்டு, பதினான்கு யூரோ. பிஸ்தெக்கா என்ற சுட்ட மாட்டிறைச்சித் துண்டுக்கு நேரே ஆறு யூரோ என்று பார்த்ததும் நான்தான் விரலை வைத்துக் காட்டினேன். சர்வர் பச்சை இறைச்சித் துண்டை மரப்பலகையில் கொண்டுவந்து காட்டி ஏதோ கேட்டார். தலையாட்டினேன்.

அந்த ஆறு யூரோ நூறு கிராமுக்கு. துண்டு 1.4 கிலோ. அதற்கு மட்டும் 84 யூரோ.

பில் வந்ததும் என் கண்ணில் படாமல் தம்பி அதை மடித்துக்கொண்டான். மேசைக்குக் கீழே கையை வைத்துத் தாள்களை இரண்டு முறை எண்ணினான். பிறகு பையில் கிடந்த சில்லறையை எடுத்து ஒவ்வொன்றாகத் தட்டில் வைத்தான். நான் என் பர்ஸை எடுத்தபோது கையைப் பிடித்து நிறுத்திவிட்டான். "அண்ணா, கறி நன்றாக இருந்ததா?" என்று கேட்டான். உள்ளே சிவப்பாகவே இருந்த அந்தக் கறியில் பாதிகூட எனக்கு இறங்கவில்லை. "ரொம்ப நன்றாக இருந்தது" என்றேன். நான்கு வருடம் ஆகிறது, அந்தச் சில்லறைச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

மல்லிகைப்பந்தல்:

நாங்கள் சுத்த சைவம். ஐந்து நாளும் "இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம்" என்ற இரண்டு வாக்கியங்களை வைத்தே சமாளித்தோம். ஆறாவது நாள் சாந்தா குரோச்சே தேவாலயத்துக்குப் பின்னால் ஒரு சிறிய கடை. ரிபொல்லித்தா கேட்டோம். பழைய ரொட்டி, வெள்ளை பீன்ஸ், கருங்கீரை போட்டுக் கெட்டியாகக் காய்ச்சுகிற சூப் அது. வழக்கமான இரண்டு வாக்கியத்தையும் சொன்னேன். சர்வர் உள்ளே போனார். சமையல்காரரே ஈரக் கையைத் துடைத்தபடி வெளியே வந்தார். சூப்பில் காய்கறித் தண்ணீர்தான் என்று சைகையில் விளக்கினார். திரும்பப் போனவர் நின்று, எங்கள் மேசையிலிருந்த சீஸ் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, தன் வயிற்றைத் தொட்டுக் காட்டி "கன்று" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

அப்போதுதான் புரிந்தது. பர்மஜானோ ரெஜ்ஜானோ என்ற பெயரில் விற்க வேண்டுமானால் பாலைத் திரிக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறையைத்தான் சேர்க்க வேண்டும் என்பது அந்தச் சீஸின் விதி. ஐந்து நாளும் பாஸ்தாமேல் அதைத்தான் தூவித் தூவிச் சாப்பிட்டிருக்கிறோம். யாரும் ஏமாற்றவில்லை, நான்தான் கேட்கவில்லை. என் மாமியாரிடம் இதுவரை சொல்லவில்லை. அவரும் எங்களோடு அந்த மேசையில்தான் இருந்தார், கிண்ணம் போனதைக் கவனிக்கவில்லை.

கணக்குப்பிள்ளை:

நடைவண்டி அண்ணனுக்கு வருத்தம் புரிகிறது, ஆனால் கடைக்காரர்மேல் தப்பில்லை. மெனுவில் விலைக்குப் பக்கத்தில் 'எத்தோ' என்று எழுதியிருக்கும். எத்தோ என்றால் நூறு கிராம். பலகையில் துண்டைக் கொண்டுவந்து காட்டுவதே அதற்காகத்தான், இந்த அளவு சம்மதமா என்று. அங்கே பிஸ்தெக்கா ஒரு கிலோவுக்குக் குறைந்து வருவது அபூர்வம், இரண்டு மூன்று பேர் பங்கிட்டுச் சாப்பிடுகிற பண்டம்.

எனக்கு நடந்தது சின்ன விஷயம். கேட்காமல் வந்த ரொட்டியைத் தொடாமல் திருப்பி அனுப்பிவிட்டு, பில்லில் இரண்டரை யூரோ ஏன் என்று சண்டை போட்டேன். பக்கத்து மேசைப் பெரியவர் எழுந்து வந்து, அது ரொட்டிக்கு இல்லை, உட்கார்ந்த இடத்துக்கு என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். என் மகள் எதிரே தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள்.

ஆகவே போகிறவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தத் தொகைக்குப் பெயர் கோபெர்த்தோ, தலைக்கு இவ்வளவு என்று மெனுவிலேயே சிறிய எழுத்தில் இருக்கும். 'செர்வித்சியோ' என்று ஒரு வரி இருந்தால் டிப்ஸ் சேர்ந்துவிட்டது, தனியாக வைக்க வேண்டாம். உணவின் பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தால் பெரும்பாலும் உறைய வைத்த சரக்கு. காபியை நின்றுகொண்டே குடித்தால் ஒரு விலை, மேசையில் உட்கார்ந்தால் வேறு விலை, சதுக்கத்தைப் பார்த்து உட்கார்ந்தால் அதற்கும் மேலே. ரொட்டியில் உப்பு இருக்காது, ஃபிளாரன்ஸ் இருக்கும் தொஸ்கானா பகுதியில் அப்படித்தான் சுடுவார்கள், கெட்டுப்போனது என்று நினைக்காதீர்கள். கையில் வாங்கித் தெருவோரம் உட்கார்ந்து சாப்பிடலாம் என்றால் அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். 2018இல் உஃபீஸி அருங்காட்சியகம் பக்கம் நான்கு தெருக்களில் சாப்பாட்டு நேரத்தில் அப்படி உட்காரத் தடை போட்டு 500 யூரோ வரை அபராதம் அறிவித்தார்கள். முடிந்தால் ஆர்னோ ஆற்றைத் தாண்டி சாந்தோ ஸ்பிரித்தோ பக்கம் போங்கள். குவிமாடம் கட்டிய அதே புரூனெல்லெஸ்கி வடிவமைத்த தேவாலயம் அங்கே இருக்கிறது, அதன் முன் சதுக்கத்தில் உள்ளூர்க்காரர்களும் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்.

இரட்டைக்குழந்தை அம்மா:

கணக்குப்பிள்ளை சார், எல்லாம் சரி. பசித்து அழுகிற குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சிறிய எழுத்தையெல்லாம் யார் படிப்பது? நடைவண்டி தப்பு யாருடையது என்று கேட்கவே இல்லையே, தம்பியைப் பற்றி அல்லவா எழுதியிருக்கிறார்?

எங்களுக்கு மூன்று மணி ஆகிவிட்டது. இரண்டரைக்கெல்லாம் அடுப்பை அணைத்துவிடுவார்கள் என்று தெரியாது. நான்கு கடையில் கையை விரித்துவிட்டார்கள். ஐந்தாவது கடையில் ஒரு வயதான அம்மா நாற்காலிகளை மேசைமேல் கவிழ்த்துக்கொண்டிருந்தார். கதவருகே நின்ற எங்களைப் பார்த்தார், பெரியவள் முகத்தைப் பார்த்தார். கவிழ்த்த நாற்காலிகளில் நான்கை ஒவ்வொன்றாகத் திரும்ப இறக்கிப் போட்டார். அடுப்பு இல்லை என்று கையால் காட்டிவிட்டு ரொட்டி, தக்காளி, ஆலிவ் எண்ணெய் மூன்றையும் கொண்டுவந்து வைத்தார். சின்னவளுக்குத் தானே பிட்டு ஊட்டினார். தண்ணீர் பாட்டிலுக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டார்.

மறுநாள் நன்றி சொல்லப் போனோம். அன்று வார விடுமுறை. அதற்கடுத்த நாள் காலை எங்களுக்கு ரயில்.

நடைவண்டி:

கணக்குப்பிள்ளை சொன்னது சரிதான், எத்தோ என்ற சொல் மெனுவில் இருந்திருக்கும். நான் பார்க்கவில்லை. தம்பி பார்த்திருப்பான், அவனுக்கு இத்தாலியன் நன்றாகவே தெரியும். துண்டைக் காட்டியபோது அவன் ஏன் வாயைத் திறக்கவில்லை என்பதைத்தான் இத்தனை வருடமாக யோசிக்கிறேன்.

மே மாதம் மறுபடியும் போகிறேன், அவனும் வருகிறான். சாந்தோ ஸ்பிரித்தோ சதுக்கத்தில் மாலை எத்தனை மணிக்குப் போனால் மூன்று பேருக்கு இடம் கிடைக்கும்?