ரோபோ டீம்: பையன்களோடு சேர்ந்தா, தனியாகவா? உங்கள் அனுபவம்

நியூஜெர்சி அம்மா:
போன சீசனில் நடந்தது, இன்னும் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. எஃப்டிசி என்கிற பள்ளிப் பிள்ளைகளின் ரோபோ போட்டி, கலப்பு டீம், ஏழு பையன்கள், மூன்று பெண்கள். என் மகள் பத்தாவது. ரோபோவின் கையை முதல் நட்டிலிருந்து கட்டியது அவள்தான். இரண்டாவது மேட்சில் அந்தக் கை தொங்கிவிட்டது. ரோபோவை ரிப்பேர் செய்கிற இடமான பிட்டுக்கு ஓடி வந்து அவள் குனிந்து ஆலன் கீயை ஸ்க்ரூவில் வைக்கிறாள், பக்கத்தில் நின்ற பையன் முகத்தைக்கூடப் பார்க்காமல் "குடு" என்று உருவிக்கொண்டான். கெட்ட பையன் இல்லை, எங்கள் வீட்டில் தோசை சாப்பிடுகிறவன். இவள் கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு ஓரமாக நகர்ந்தாள். அந்தத் துடைப்பைத்தான் மறக்க முடியவில்லை. நான் என்ன செய்தேன்? தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். அடுத்த மேட்சிலும் கை தொங்கியது, அது வேறு கதை. பெண்கள் மட்டும் இருக்கும் டீமுக்கு மாற்றலாமா?

பழைய டிரைவர்:
அக்கா, நான் டொரண்டோ பக்கம் நான்கு வருடம் பெண்கள் டீமில் இருந்தேன். அங்கே அறுக்க, ட்ரில் போட, கோட் எழுத வேறு ஆளைத் தேட முடியாது, ஒன்பதாவதில் வந்தவள் ஒரே மாதத்தில் அலுமினியம் அறுத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அந்த "குடு" எங்களிடமும் உண்டு. சொன்னது நான்தான். ரோபோ தானாகவே ஓடுகிற ஆட்டோனமஸ் 30 வினாடி முடிந்தது, கன்ட்ரோலரை எடுக்க வேண்டிய புதுப் பெண்ணுக்குக் கை நடுங்கியது, பக்கத்தில் நின்ற நான் வாங்கிக்கொண்டேன். மீதி இரண்டு நிமிடமும் நானே ஓட்டினேன். ஜெயித்தோம். அடுத்த வருடம் அவள் வரவில்லை.

கோவை கோச்:
முதல் அம்மா கோவிச்சுக்காதீங்க, ஒரு "குடு"வுக்காக டீமை மாற்றுவது எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற வேலைங்க. கோச்சிடம் பேசுங்க. யார் கட்டினார்களோ அவர்தான் பிட்டில் ரிப்பேர் செய்ய வேண்டும் என்று எழுதி ஒட்டச் சொல்லுங்க. வாரம் ஒருமுறை வேலையை மாற்றிப் போடச் சொல்லுங்க, கோட் எழுதுகிறவன் ஸ்க்ரூ முடுக்கட்டும், ஜட்ஜுக்குக் கொடுக்கிற போர்ட்ஃபோலியோவை எழுதுகிற பெண் ஓட்டட்டும். ஜட்ஜ் முன்னால் யார் எதைச் சொல்வது என்பதையும் முன்கூட்டியே பிரித்துவிட வேண்டும், இல்லையென்றால் சத்தமாகப் பேசுகிறவன் எல்லாவற்றையும் சொல்லிவிடுவான். வீட்டிலும் ஒரு டூல் பெட்டி வாங்கிக் கொடுங்க. என் கதை சின்னதுதான். எஃப்எல்எல், அதாவது சின்னப் பிள்ளைகளின் லெகோ ரோபோ போட்டி, பையன்கள் மட்டும். ரோபோ பிரமாதமாக ஓடியது. ஆனால் மதிப்பெண்ணில் ரோபோ ஓட்டம் நாலில் ஒரு பங்குதானே, டீம் செய்த புராஜெக்டுக்கும் மதிப்பெண் உண்டு, அதைப் பற்றி ஜட்ஜ் கேட்டதும் ஆறு பேரும் ஷூவைப் பார்த்தார்கள். அந்த அமைதி இருக்கே, அப்பப்பா.

இன்னொரு அப்பா:
கோச் சார், கேட்டது மாற்றலாமா என்று, நீங்கள் பாடத்திட்டமே போட்டுவிட்டீர்கள். எலி, வீடு எல்லாம் சரி, சில இடங்களில் தனி டீம் இல்லையென்றால் பெண்களுக்கு டீமே கிடையாது. 2017இல் ஆப்கன் பெண்கள் டீமுக்கு அமெரிக்காவில் இரண்டு முறை விசா மறுத்து, கடைசி நேரத்தில் விட்டார்கள், வாஷிங்டன் ரோபோ போட்டியில் ரோபோவோடு வந்து நின்றார்களே! அவர்களிடம் போய் வாரம் ஒருமுறை வேலையை மாற்றச் சொல்வீர்களா?

நியூஜெர்சி அம்மா:
சண்டை வேண்டாம். நேற்று காரில் வரும்போது மகளிடமே கேட்டுவிட்டேன், அன்றைக்கு ஏன் விட்டுக்கொடுத்தாய் என்று. "அவன் புடுங்கினது ரெண்டரை எம்எம் கீம்மா. நான் தப்பா எடுத்திருந்தேன், அந்த ஸ்க்ரூவுக்கு மூணு வேணும்" என்றாள். ஏன் அவனிடம் சொல்லவில்லை என்றேன். "கேக்கலையே." சிரித்தாளா என்று தெரியவில்லை, நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.