புதுப்பிப்பு: நட்சத்திரக் கோட்டுருவும் இணைக் கணினிகளும்

நடுவில் ஒரு முனை, சுற்றிலும் அதனுடன் மட்டும் இணைந்த இலைகள் என்ற நட்சத்திரக் கோட்டுரு (முனைகளைக் கோடுகளால் இணைக்கும் அமைப்புதான் கோட்டுரு) பற்றி முன்பு எழுதியபோது, இதில் ஆராய்ச்சிக்கு என்ன இருக்கிறது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். சரி, 1980களின் பிற்பகுதியில் ஏக்கர்ஸ், கிருஷ்ணமூர்த்தி என்ற ஆய்வாளர்கள் இணைக் கணினிகளுக்காக (பல செயலிகள் ஒரே நேரத்தில் சேர்ந்து இயங்குபவை) முன்வைத்த வலையமைப்பைப் பாருங்கள், அதற்கும் இதே பெயர்தான், ஆனால் ஆள் வேறு. 1 முதல் 7 வரையான எண்களின் ஒவ்வொரு வரிசைமாற்றமும் ஒரு முனை; முதல் இடத்து எண்ணை வேறு எந்த இடத்து எண்ணுடன் மாற்றினாலும் பக்கத்து முனை கிடைக்கும் (மாற்றிக்கொள்ளும் இடங்களைக் கோடு போட்டு இணைத்தால் நம் பழைய நட்சத்திரமேதான் வரும்). மொத்தம் 5040 முனைகள், ஒவ்வொன்றுக்கும் 6 இணைப்புகள்தான், எங்கிருந்து எங்கு போகவும் 9 தாவல் போதும். 4096 முனை ஹைப்பர்கியூபுக்கு (கனசதுரத்தைப் பல பரிமாணங்களுக்கு நீட்டிய வலையமைப்பு) இணைப்பு, தாவல் இரண்டுமே 12! எனக்கு இடிப்பது ஒன்றுதான்: 5040க்கு அடுத்த அளவு, அதாவது 8 எண்களுக்கு, 40320, நடுவில் எதுவும் கிடையாது.