அடிக்குறிப்பில் தடுமாறிய அனுபவம் உங்களுக்கு உண்டா?

தமிழ்த்துறை ஆய்வு மாணவி:

என் வாய்மொழித் தேர்வு அன்று புறத்தேர்வாளர் பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். பழந்தமிழர் வணிகம் பற்றிய கட்டுரைத் தொகுப்பு. “மூன்றாம் இயலில் இதன் 187ஆம் பக்கத்தைக் காட்டியிருக்கிறீர்கள். எடுத்துப் படியுங்கள் அம்மா” என்றார். புரட்டினேன். புத்தகம் 164ஆம் பக்கத்தோடு முடிந்துவிட்டது.

அந்த மேற்கோளை நான் மூலநூலில் படிக்கவே இல்லை. எனக்கு முன்னால் இதே பொருளில் ஆய்வு செய்தவருடைய ஆய்வேட்டில் பார்த்து, அடிக்குறிப்போடு சேர்த்து எடுத்து எழுதிவிட்டேன். அவர் பயன்படுத்தியது பெரிய எழுத்தில் வந்த முதல் பதிப்பு. நூலகத்தில் நான் முன்பக்கத்தை மட்டும் பார்த்துத் துணைநூற்பட்டியலில் சேர்த்ததோ சின்ன எழுத்து மறுபதிப்பு. பக்க எண் ஒரு பதிப்புக்கு, ஆண்டு இன்னொரு பதிப்புக்கு.

தேர்வாளர் கோபப்படவில்லை. “இதைத் தேடிக் கண்டுபிடித்தவர் பெயர் உங்கள் ஏட்டில் எங்கேயும் இல்லையே” என்று மட்டும் கேட்டார். ‘என்மனார் புலவர்’ என்று முன்னோரைச் சுட்டிச் சுட்டிச் சொல்லும் தொல்காப்பியத்தைப் படிக்கிற துறையில் இருந்துகொண்டு இதைச் செய்தேனே என்பது இன்றும் வலிக்கிறது. அப்புறம் இரண்டு மாதம் நூலகத்தில் உட்கார்ந்து எல்லா அடிக்குறிப்பையும் மூலத்தோடு ஒப்பிட்டேன். மூலநூல் கிடைக்காத இடங்களில், எந்த ஆய்வேட்டின் வழியாக அந்த மேற்கோளை எடுத்தேன் என்பதையும் சேர்த்து எழுதினேன்.

வணிகவியல் ஆய்வாளர்:

எனக்குச் சிக்கல் பர்சன்டேஜில் வந்தது. ஆய்வேட்டில் எவ்வளவு பிறர் எழுத்தோடு ஒத்துப்போகிறது என்று மென்பொருள் காட்டும் கணக்கு அது. முதல் ரிப்போர்ட் 34 சதவீதம். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2018 விதிகளின்படி 10 வரை தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. சரி, சொற்களை மாற்றினால் குறைந்துவிடும் என்று நண்பர் ஒருவர் சொன்னதை நம்பி, வாக்கியங்களை மாற்றித் தரும் ஒரு மென்பொருளில் போட்டேன். எண் 9-க்கு வந்தது. ஆனால் நடைமுறை மூலதனத்தைக் குறிக்கும் ‘வொர்க்கிங் கேப்பிட்டல்’ என்று இருந்த இடமெல்லாம் ‘லேபரிங் கேப்பிட்டல்’ ஆகியிருந்தது. நெறியாளர் பென்சிலால் அதை வட்டமிட்டு, ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார்.

அதன்பிறகுதான் விதிகளையே முழுதாகப் படித்தேன். முறையாக மூலத்தைச் சுட்டிய மேற்கோளும் துணைநூற்பட்டியலும் அந்தக் கணக்கில் சேராது. நான் பயந்து மறைத்த பல பத்திகளுக்கு மேற்கோள் குறியும் ஆசிரியர் பெயரும் போட்டிருந்தாலே போதும். மற்ற பத்திகளுக்கு, கட்டுரையை மூடி வைத்துவிட்டு எனக்குப் புரிந்ததை எழுதினேன். புரியாத இடத்தில் பேனா நின்றுவிடும், திரும்பப் போய்ப் படிப்பேன்.

நெறியாளராக இருக்கும் ஒருவர்:

தமிழ் ஆய்வேடுகளில் அந்தச் சதவீத எண்ணை நம்பவே முடியாது. இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான ஷோத்கங்காவில் இருக்கும் பழைய ஏடுகளில் பல, யூனிகோடு அல்லாத எழுத்துருவில் தட்டச்சானவை, அல்லது பக்கங்களைப் படமாக ஸ்கேன் செய்தவை. அவற்றிலிருந்து எடுத்ததை மென்பொருள் கண்டுகொள்வதில்லை. ஒருமுறை 3 சதவீதம் என்று ரிப்போர்ட் வந்த இயலில் ‘பட்டினப்பலை’ என்று காலில்லாமல் ஒரு சொல் கண்ணில் பட்டது. அதே பிழையை எங்கேயோ பார்த்த ஞாபகம். அலமாரியிலிருந்த பழைய ஏட்டை எடுத்தேன். பிழை உட்பட ஆறு பக்கம் அப்படியே இருந்தது. அந்த மாணவர் கெட்டவர் இல்லை. மேற்கோள் காட்டுவது எப்படி என்று அவருக்கு யாரும், நான் உட்பட, உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை.

இப்போது இயலோடு மேற்கோள் எடுத்த பக்கத்தின் போட்டோவையும் கேட்கிறேன். போன மாதம் ஒரு மாணவி அப்படிக் கொண்டுவந்தார். அவர் எடுத்த வரிக்கு அடுத்த வரியே ‘ஆயினும் இக்கருத்து ஏற்புடையதன்று’ என்று தொடங்கியது. இருவரும் அதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு வெள்ளைத்தாள் எடுத்து அந்த இயலை முதலிலிருந்து தொடங்கினோம்.